ஏவலும் நிபந்தனையும்: பெஹாலாப் பந்தல்களின் அசையும் உருக்களை எந்தக் கருவியிடம் ஒப்படைப்பது?

கொல்கத்தாவின் தென்மேற்கில் டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் பெஹாலா, துர்கா பூசையின் இரு முகங்களையும் ஒருசேரக் கொண்ட பகுதி. அதன் ஒரு பகுதியாகிய பரிஷாவில் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார் 1610 முதல் பூசை நடத்திவருவதாகக் குடும்ப மரபு கூறுகிறது. அதே பெஹாலாவின் சங்கங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் கருப்பொருள் பந்தல்களால் பெயர்பெற்றவை. 2021 டிசம்பரில் கொல்கத்தாவின் துர்கா பூசை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றபோது, அப்பெருமையில் இச்சங்கங்களின் கலைஞர்களுக்கும் பங்கிருந்தது.

இப்பந்தல்களில் இப்போது உருக்கள் அசைகின்றன. தாமரை விரிகிறது; தளம் சுழல்கிறது; திரை விலகுகிறது; தலைக்கு மேல் தொங்கும் சிற்பம் மெல்ல இறங்கி மீண்டும் ஏறுகிறது. இவற்றை இயக்குபவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் அல்லர். தெருவின் எலக்ட்ரீஷியன், பந்தல் அமைக்கும் அலங்காரக்காரரின் உதவியாளர், விடுமுறையில் வந்த பொறியியல் மாணவர் ஆகியோர் சேர்ந்து சாந்தினி சவுக்கிலும் எஸ்ரா தெருவிலும் பொருள் வாங்கித் தாமே கட்டியெழுப்பும் தானியக்கம் இது. இத்தகைய முயற்சிகள் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவற்றின் மூளையாக எதை வைப்பது என்பதே கேள்வி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்டுயினோ போன்ற பயில்பலகையா? சில ஆயிரம் ரூபாய்க்கு இன்று கிடைக்கும் சிறிய தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவியா? மனிதருக்கு அருகில் எடையை அசைக்கும் எந்த அமைப்புக்கும் பின்னதே தகும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. வேகமோ நுட்பமோ அதற்குக் காரணமல்ல. அக்கருவியிடம் மனிதர் பேசும் மொழியின் இலக்கணமே காரணம்.

வங்காளத்திற்குத் தானியக்கம் புதிதன்று. கொல்கத்தாவுக்கு வடக்கே உள்ள சந்தன்நகரின் ஒளிக்கலைஞர்கள், ஸ்ரீதர் தாஸ் போன்ற முன்னோடிகளின் காலந்தொட்டு, ஓடும் விளக்குகளால் மயிலையும் ரயிலையும் வானில் வரைந்துவந்தனர். அதன் பின்னால் இருந்த கருவி மிக எளியது. சிறிய மோட்டாரால் சுழலும் ஓர் உருளை. உருளையின் மேல் வேண்டிய இடங்களில் மட்டும் செப்புத் தகடு. அதை உரசி நிற்கும் தொடுமுனைகள். தகடு தொட்ட நொடியில் விளக்கு எரியும், விலகிய நொடியில் அணையும். தகட்டின் வடிவமே நிரல். தமிழகக் கோயில்களில் மேளத்தையும் மணியையும் ஒலிக்கும் மின்பொறியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மோட்டார் சுழலச் சுழல, அச்சிலுள்ள புடைப்புகள் கோல்களை உயர்த்தி விடுகின்றன. கோல்கள் தோலையும் உலோகத்தையும் அறைகின்றன. அப்பொறி மேளக்காரரின் பிழைப்பில் கைவைத்தது என்னும் குறை வேறு. கருவியியல் நோக்கில் அதுவும் ஒரு நிரலே.

இவ்வகை உருளைகள் அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. அவை உலகைப் பார்ப்பதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டுமே அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. எதிரே ஆள் நிற்கிறாரா, கோல் சிக்கிக்கொண்டதா என்று அவை கேட்பதில்லை. விளக்குக்கு இது போதும். தவறான நேரத்தில் எரிந்த விளக்கால் எவருக்கும் தீங்கில்லை. எடையுள்ள பொருள் அசையும்போது இது போதாது.

தமிழ் இலக்கணத்தின் துணையோடு இதைச் சொல்வது எளிது. 'திற', 'சுழல்', 'நில்' என்பன ஏவல். சொல்லப்பட்ட கணத்தில் ஏவல் நிறைவேறுகிறது. அதன்பின் அதற்கு உயிரில்லை. 'மழை பெய்தால் குளம் நிறையும்' என்பது நிபந்தனை. அது ஒரு கணத்திற்குரியதன்று. எப்போதும் நிலைத்து நிற்கும் விதி. உருளையின் மொழி ஏவல் மொழி. எந்திரங்களை அறுவைப்பாதையில் நடத்தும் ஜி-கோடு என்னும் குறிமொழியும் பெரிதும் ஏவல்களின் வரிசையே: இந்தப் புள்ளிக்கு விரைந்து செல், அங்கிருந்து நேர்கோட்டில் வெட்டு, நில்.

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் மொழியோ நிபந்தனையில் பிறந்தது. 1968-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேகள் நிறைந்த பெட்டிகளுக்கு ஒரு மாற்று கோரியது. கார் வடிவம் மாறும்போதெல்லாம் அப்பெட்டிகளின் கம்பிகளை அவிழ்த்து மீண்டும் பூட்ட வேண்டியிருந்ததே காரணம். டிக் மோர்லியும் அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தாரும் உருவாக்கிய மோடிகான் 084 அக்கோரிக்கைக்கு விடையாயிற்று. 084 என்பது அந்நிறுவனத்தின் எண்பத்து நான்காம் பணி என்பதைக் குறிக்கும். அவர்கள் செய்த அறிவார்ந்த தேர்வு ஒன்றுண்டு. தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன்களைப் புதிய கணினிமொழி கற்கச் சொல்லாமல், அவர்கள் அன்றாடம் வாசித்துவந்த ரிலே வரைபடத்தையே நிரல்மொழியாக்கினர். இரண்டு செங்குத்துக் கோடுகள், இடையே படிகள். ஒவ்வொரு படியும் ஒரு நிபந்தனை வாக்கியம். இடப்பக்கத்தில் 'இவையெல்லாம் மூடியிருந்தால்'. வலப்பக்கத்தில் 'இது இயங்கும்'. 1993-இல் ஐ.ஈ.சி. 61131-3 என்னும் பன்னாட்டுத் தரம் இதனை ஏற்பு பெற்ற நிரல்மொழிகளுள் ஒன்றாக்கியது. தொழிலில் இதற்கு லேடர் என்று பெயர். தமிழில் ஏணிப்படம் எனலாம்.

ஏணிப்படத்தின் முதல் பாடத்தைத் தமிழகத்து உழவர் ஒவ்வொருவரும் கிணற்றடியில் கண்டிருக்கிறார். பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்திக் கையை எடுத்துவிட்டாலும் மோட்டார் ஓடுகிறது. காண்டாக்டரின் துணைத்தொடுப்பு தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. சிவப்புப் பொத்தான் எந்த நொடியில் அழுத்தப்பட்டாலும் பிடி விடுகிறது. மின்சாரம் போனாலும் பிடி விடுகிறது. மின்சாரம் மீண்டால், கூடுதலாகத் தானியங்கிக் கருவி எதுவும் பொருத்தப்படாதவரை, மோட்டார் தானாக ஓடுவதில்லை. மீண்டும் ஒரு மனிதர் வந்து பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இம்மூன்று பண்புகளும் ஒரே படியில் எழுதப்படும் விதி. பெஹாலாவின் எலக்ட்ரீஷியனுக்கும் இது கைவந்த கலை. அவருக்குக் கணினிமொழி தெரியாது என்று சொல்பவர்கள், அவர் ஏற்கெனவே ஒரு நிரல்மொழியை வாசிக்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை.

பயில்பலகையில் முதன்முதல் எழுதப்படும் நிரலை இதனோடு ஒப்பிடலாம். மோட்டாரை ஓட்டு, ஐந்து நொடி காத்திரு, நிறுத்து, திருப்பி ஓட்டு. 'காத்திரு' என்பதற்குத் தொடக்கநிலைப் பாடங்கள் எல்லாம் கற்பிக்கும் 'டிலே' என்னும் கட்டளை, அந்த ஐந்து நொடியும் நிரலின் அடுத்த வரிக்குச் செல்வதில்லை. அதற்குள் எவரேனும் நிறுத்தப் பொத்தானை அழுத்தினால், பொத்தானைப் படிக்கும் வரி இன்னும் வரவில்லை. எனவே நிரல் அதனை அறியாது. மின்சாரம் போய் மீண்டால் பலகை நிரலைத் தொடக்கத்திலிருந்து ஓட்டும். முதல் வரி 'மோட்டாரை ஓட்டு' என்றால் மோட்டார் ஓடும். தேர்ந்த நிரலாளர் இவ்விரு குறைகளையும் எளிதில் களைவார். ஆனால் அங்கே பாதுகாப்பு எழுதுபவரின் பயிற்சியைச் சார்ந்து நிற்கிறது. ஏணிப்படத்தில் பெரும்பகுதி மொழியின் இயல்பிலேயே அமைந்துவிடுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி உள்ளீடுகள் அனைத்தையும் படிக்கிறது, எல்லாப் படிகளையும் மதிப்பிடுகிறது, வெளியீடுகளை மாற்றுகிறது, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. சிறிய நிரலுக்கு இச்சுற்று சில மில்லிநொடிகளில் முடிகிறது. மிட்சுபிஷியின் எஃப்.எக்ஸ். வரிசையில், ஒரு சுற்று 200 மில்லிநொடிக்கு மேல் நீண்டால் பிழை என்று கொண்டு இயக்கத்தை நிறுத்தும் காவல் கடிகாரம் முன்னமைவாகவே உண்டு. பயில்பலகையின் சிப்பிலும் அத்தகைய கடிகாரம் இருக்கிறது; அதனை எழுப்பிவிட வேண்டியவர் நிரலாளர்.

இங்கே ஒரு பொதுவான தவறான புரிதலை நீக்க வேண்டும். தொழிற்சாலைக் கருவியை வேகத்திற்காக வாங்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கூறுவதுண்டு. பந்தலில் சுழலும் ஒரு தளத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுக்கும். ஓட்டுநர்ப் பெட்டி ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் 1,600 துடிப்பு. பத்துக்கு ஒன்று என்னும் பற்சக்கரக் குறைப்பு சேர்ந்தால் தளத்தின் ஒரு சுற்றுக்கு 16,000 துடிப்பு. தளம் 20 நொடியில் ஒருமுறை சுற்றினால் நொடிக்கு 800 துடிப்பே தேவை. எஃப்.எக்ஸ்.3-யூ வகைக் கருவியின் டிரான்சிஸ்டர் வெளியீடு மூன்று அச்சுகளுக்கு நொடிக்கு 1,00,000 துடிப்புவரை தரவல்லது. ஆர்டுயினோவில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவச நிரலும் நொடிக்கு 30,000 துடிப்புவரை சீராகத் தருகிறது. பந்தலின் தேவைக்கு இரண்டுமே மிகை. வேகம் இங்கு அளவுகோலாகாது.

மின்சாரச் சூழல் ஓர் அளவுகோல். மழைக்காலத்தின் இறுதியில் மூங்கிலும் துணியும் கொண்டு எழுப்பப்படும் பந்தலில் நூற்றுக்கணக்கான விளக்குகள், டிம்மர்கள், காண்டாக்டர்கள், ஜெனரேட்டர்கள் அருகருகே இயங்குகின்றன. லிமிட் சுவிட்சிலிருந்து வரும் கம்பி முப்பது மீட்டர் நீளம் அவற்றினூடே செல்கிறது. 5 வோல்ட் அளவில் பேசும் பயில்பலகைக்கு அக்கம்பியில் தூண்டப்படும் இரைச்சல் உண்மையான சைகையாகத் தோன்றக்கூடும். தொழிற்சாலைக் கருவி 24 வோல்ட்டில் பேசுகிறது. அதன் உள்ளீடுகள் ஒளியிணைப்பால் உட்சுற்றிலிருந்து பிரிக்கப்பட்டவை. கம்பிகள் திருகு முனைகளில் இறுகப் பூட்டப்படுகின்றன. பயில்பலகையின் ஊசித்துளைகளில் செருகிய கம்பி, தாக்கின் அதிர்விலேயே தளர்ந்துவிடும்.

மறுப்புகளும் எண்ணிப்பார்க்கத் தக்கவையே. முதலாவது செலவு. ஒரு சங்கத்தின் பூசைச் செலவில் சில ஆயிரம் ரூபாய் பெரிதன்று என்றாலும், தன் கையிலிருந்து செலவழித்துக் கற்கும் இளைஞருக்கு அது பெரிது. அவருக்குப் பயில்பலகை நல்ல பள்ளிக்கூடம். மேலும் ஓப்பன்பி.எல்.சி. என்னும் கட்டற்ற மென்பொருள், ராஸ்பெரி பை, ஆர்டுயினோ போன்ற பலகைகளிலேயே ஏணிப்படத்தை ஓட்ட வழிசெய்கிறது. இலக்கணத்தைக் கற்க விலையுயர்ந்த ஏடு வேண்டியதில்லை. இரண்டாவது மறுப்பு, ஒளிக்கும் ஒலிக்கும் இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்பது. இதுவும் நேர்மையானது. எரிவதும் ஒலிப்பதும் மட்டுமே வேலையென்றால் பயில்பலகை முற்றிலும் போதும். கோடு வரையப்பட வேண்டிய இடம் தெளிவானது: விழக்கூடிய, நசுக்கக்கூடிய, இழுத்துக்கொள்ளக்கூடிய எதையும் ஏவல் வரிசையிடம் மட்டும் விட்டுவிடலாகாது.

தொழிற்சாலைக் கருவி என்ற பெயரே பாதுகாப்பு தந்துவிடும் என்று எண்ணுவது அடுத்த பிழை. சில செய்திகளைப் பந்தல் எழுப்புவோர் வாங்குமுன்பே அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கருவியின் வெளியீடு ரிலே வகையா, டிரான்சிஸ்டர் வகையா என்பது. ஸ்டெப்பர், சர்வோ மோட்டார்களுக்குத் துடிப்பு அனுப்ப டிரான்சிஸ்டர் வகையே ஆகும். ரிலே என்பது அசையும் தொடுப்பு. நொடிக்கு நூற்றுக்கணக்கில் அதனால் துடிக்க இயலாது. இது தெரியாமல் மலிவாகக் கிடைத்த ரிலே வகையை வாங்கி வந்தால் அன்றே பணம் வீண்.

இரண்டாவது, ஸ்டெப்பர் மோட்டார் தான் எங்கே நிற்கிறது என்பதை அறியாது. சுமை தடுத்தால் அடிகளை இழக்கும். கருவியோ அனைத்தும் நடந்ததாகவே கருதும். எனவே இரு எல்லைகளிலும் லிமிட் சுவிட்ச் வேண்டும். அவை மூடிய நிலையில் இருந்து, தொட்டால் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். அப்போது அறுந்த கம்பியும் 'நில்' என்றே பொருள்படும்.

மூன்றாவதே தலையாயது. அவசர நிறுத்தப் பொத்தான் கட்டுப்பாட்டுக் கருவியின் உள்ளீடாக மட்டும் இருக்கலாகாது. மோட்டாருக்குச் செல்லும் ஆற்றலையே கம்பி வழியாக நேரடியாகத் துண்டிக்க வேண்டும். சாதாரண பி.எல்.சி. பாதுகாப்புக் கருவியாகச் சான்று பெற்றதன்று. அதற்கெனத் தனி வகைகளும் பாதுகாப்பு ரிலேகளும் உள்ளன. எந்திரங்களின் மின்னமைப்புக்கான ஐ.ஈ.சி. 60204-1 தரம் நிறுத்தத்தை வகைப்படுத்துகிறது: உடனே ஆற்றலைத் துண்டிப்பது ஒரு வகை; கட்டுப்பாட்டோடு நிறுத்தியபின் துண்டிப்பது மற்றொன்று. தொங்கும் சிற்பத்திற்கு இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. ஆற்றலைத் துண்டித்தவுடன் மோட்டாரின் பிடியும் போய்விடும். சிற்பம் கீழே வரும். மின்சாரம் இல்லாதபோது தானே இறுகும் பிரேக்கும், சுமையைத் தாங்கும் தனிச் சங்கிலியும் இன்றித் தலைக்கு மேல் எதையும் ஏற்றி இறக்கலாகாது.

கூட்டத்தின் இயல்பை நோக்கினால் இவ்வெச்சரிக்கை மிகையாகத் தோன்றாது. 2015-இல் தென்கொல்கத்தாவின் தேசப்பிரிய பூங்காவில் 'உலகின் மிகப் பெரிய துர்கை' என்று விளம்பரப்படுத்தப்பட்ட உருவைக் காணத் திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல், பார்வையாளர் வருகையையே நிறுத்த நேர்ந்தது. அங்கே உரு அசையவில்லை. கூட்டம் மட்டுமே அசைந்தது. நெரிசலில் ஒருவர் விலக நினைத்தாலும் விலக இடமிராது. அத்தகைய இடத்தில் ஐந்து நொடி காதுகேளாமல் இருக்கும் நிரலுக்கு இடமில்லை.

இனி, பெரிதும் பேசப்படாத ஒன்று: நிரல் யாருக்கு உரியது? வெளியிலிருந்து வரும் ஒப்பந்தக்காரர் கருவியை அமைத்து, கடவுச்சொல்லிட்டுப் பூட்டிவிட்டுச் சென்றால், அஷ்டமி இரவில் பழுது நேரும்போது அருகிருக்கும் எலக்ட்ரீஷியனால் பெட்டியைத் திறக்க முடியும்; விதியைத் திறக்க முடியாது. அதன் விளைவு எங்கும் ஒன்றே. லிமிட் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, 'இப்போதைக்கு ஓடட்டும்' என்று விட்டுவிடுவார். பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இவ்வாறே சாகின்றன. தீய எண்ணத்தால் அல்ல, படிக்க முடியாமையால். ஆகவே நிரலின் படி சங்கத்திடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எதிரே அதன் பொருள் வங்காளத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டெல்டா போன்ற நிறுவனங்கள் தம் சிறிய கருவிகளுக்கான நிரலாக்க மென்பொருளைக் கட்டணமின்றித் தருவதால், இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

மொழிச்சிக்கல் கொல்கத்தாவுக்கு மட்டும் உரியதன்று. கோவையின் சிறு பட்டறைகளிலும் இதே கருவிகள் இதே நிலையில் இயங்குகின்றன. விளக்கநூல் ஆங்கிலத்தில்; நகல் கருவியாயின் சீனத்திலோ சிதைந்த ஆங்கிலத்திலோ. ஏணிப்படத்தின் குறிகளுக்கு மொழியில்லை; ஆனால் 'மூடிய தொடுப்பு ஏன் இங்கு வேண்டும்' என்பதற்கு மொழி வேண்டும். குறியை அறிந்தவர் பொறியை இயக்குவார். காரணத்தை அறிந்தவரே அதனைக் காப்பார். தொழிற்பயிற்சி நிலையங்கள் எலக்ட்ரீஷியன் பாடத்தில் தமிழிலும் வங்காளத்திலும் இதைக் கற்பிக்கப் பத்துப் பக்கக் கையேடு ஒன்று போதும். ஸ்டார்ட்டர் பெட்டியில் தொடங்கி அவசர நிறுத்தத்தில் முடியும் கையேடு அது.

பூசைச் சங்கங்கள் ஆண்டுதோறும் காவல்துறை, தீயணைப்புத்துறை, மாநகராட்சி, மின்வழங்கல் நிறுவனம் ஆகியவற்றின் அனுமதியோடுதான் பந்தல் எழுப்புகின்றன. அந்த ஆவணங்களோடு அசையும் பகுதிகளுக்கென ஒரு தாள் வைக்கப்படுவது நலம். எது அசைகிறது, அதன் எடை என்ன, எவையெல்லாம் பொருந்தினால் அசையும், மின்சாரம் போனால் என்ன ஆகும், மீண்டால் என்ன ஆகும், நிறுத்தப் பொத்தான் எங்கே, அதனருகில் நிற்பவர் யார் என்னும் ஏழு கேள்விகள். இவற்றுக்கு எழுத்தில் விடை தர இயலாத உரு அசையாமல் நிற்பதே முறை.

மலிவான தொழிற்சாலைக் கருவிகள் தெருவின் கைகளுக்கு வந்தது நற்பேறு. பெருநிறுவனங்களிடம் மட்டும் இருந்த ஒழுங்கு இன்று பெஹாலாவின் எலக்ட்ரீஷியனுக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. அவர் வாங்கவேண்டியது அந்த ஒழுங்கையே. பெட்டி அதற்கு உறை. 'சுழல்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், 'வேலிக்கதவு மூடியிருந்தால், எல்லை தொடப்படாமல் இருந்தால், நிறுத்தப் பொத்தான் அழுத்தப்படாமல் இருந்தால், மனிதர் ஒருவர் தொடங்கிவைத்திருந்தால் சுழல்' என்று சொல்லப் பழகிய கையே கூட்டத்தின் நடுவே எடையை அசைக்கும் உரிமை பெற்றது.